அக்கா கையெழுத்துப் போட வேண்டிய கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்து வரவில்லை. மின்னஞ்சலில் வந்தது.

'இறுதி ஒப்படைப்பு: நீங்கள் சிகிச்சை அளித்த ஒருவரின் கதையை எழுதுக. எழுதுமுன் அவர் பேசுவதை ஒரு மணி நேரம் குறுக்கிடாமல் கேளுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். கடைசிப் பக்கத்தில், இது என் கதைதான் என்று அவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாத கதை ஏற்கப்படாது.'

நான் மயக்க மருந்து டாக்டர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருடமாக மனிதர்களைத் தூங்க வைத்து எழுப்பிக்கொண்டிருக்கிறேன். (எல்லாரும் எழுந்தார்களா என்றுதானே கேட்க வருகிறீர்கள்? எழுந்தார்கள்.) போன வருடத்துக்கு முந்தைய வருடம் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஆன்லைனில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். பாடம் மெடிக்கல் ஹ்யுமானிட்டீஸ். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று எங்கள் வகுப்பிலேயே இன்னும் முடிவாகவில்லை. மருத்துவத்தையும் இலக்கியம், வரலாறு, தத்துவம் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஊசி போட்டுட்டுக் கவிதையும் சொல்லப் போறியா?" என்றார் என் கணவர்.

"நீங்க பேசினாலே எல்லாரும் தூங்கிடறாங்க, எனக்கு ஊசி எதுக்கு?" என்றேன். 

இந்த ஒப்படைப்புக்கு ஏற்கனவே இரண்டு தடவை அவகாசம் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது தடவை கிடையாது. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்தோடு கதை போகாவிட்டால் இரண்டு வருடப் படிப்பும் கோவிந்தா. இன்று ஞாயிறு. கதை கையில் இருக்கிறது. கையெழுத்துதான் இல்லை.

2

முதல் வரைவை எப்படித் தொடங்கினேன் என்று காட்டுகிறேன். சிரிக்கக் கூடாது.

[அடித்தது: ஐம்பத்தாறு வயதுப் பெண். எடை அறுபத்தெட்டு கிலோ. சர்க்கரை இல்லை. பித்தப்பையில் கற்கள். அறுவை சிகிச்சைக்குத் தகுதியானவர். ஒத்துழைப்பு: நன்று.]

ஒரு ஞாயிறு காலை வகுப்பில் இதை வாசித்தேன். எங்கள் பேராசிரியை மடிக்கணினியை எந்தக் கோணத்தில் வைத்தாலும் திரையில் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரியும். இரண்டு வருடமாக அந்த நெற்றியிடம்தான் பாடம் கேட்கிறோம். நெற்றி கொஞ்சம் சுருங்கியது.

"டாக்டர், பித்தப்பை நல்லா வந்திருக்கு. அதைச் சுமந்துட்டு வந்தவங்க எங்கே?"

வகுப்பில் ஒரு மாட்டு டாக்டர் இருக்கிறார். மைக்கை அணைக்காமல் கெக்கெக்கே என்று சிரித்தார். அவருடைய நோயாளிகள் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பதால் அவருக்கு வேறு ஒப்படைப்பு. கொடுத்து வைத்தவர்.

ரோஷம் வந்துவிட்டது. இலக்கியம்தானே வேண்டும், இந்தா பிடி என்று இரண்டாவது வரைவு எழுதினேன்.

[அடித்தது: வாழ்வின் கசப்பையெல்லாம் சேமித்து வைக்கும் அந்தச் சின்னஞ்சிறு பச்சைப் பையில் காலம் கற்களாக உறைந்து, மௌனத்தின்]

மௌனத்தின் என்ன? எனக்கே தெரியவில்லை. அங்கேயே விட்டுவிட்டேன். இப்படி எழுதுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நானே எழுதினால் எப்படி ஆகும்?

3

சுமந்துகொண்டு வந்தவர் என் நாத்தனார். என் கணவரின் அக்கா. நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். முப்பது வருடமாகப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை. வீடு, நிலம் வாங்குகிறவர்கள் விற்கிறவர்கள் எல்லாரும் அக்காவின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு வரியை அடித்தால் ஒரே கோடாக அடிக்க வேண்டும், அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். இல்லையென்றால் பத்திரம் திரும்பி வரும். இந்தக் கதையில் நான் அடித்த வரிகளெல்லாம் உங்கள் கண்ணில் படுவதற்கு அக்காதான் காரணம். அசல் தாளில் ஒவ்வொரு அடித்தலுக்குப் பக்கத்திலும் என் சுருக்கொப்பம் இருக்கிறது. கை வலித்துவிட்டது.

ஏன் அக்காவைத் தேர்ந்தெடுத்தேன்? சோம்பேறித்தனம். வேறு யாரைத் தேடிப் போவது, வீட்டிலேயே ஒருவர் இருக்கும்போது? இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. நான்தான் மயக்க மருந்து கொடுத்தேன். எல்லாம் அமோகமாக முடிந்தது. அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை என்பது உண்மைதான். மகள் கல்யாண வேலை, பிறகு அலுவலக வேலை என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன். போனில் என்னை "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். பெருமையாகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். போனில் கடிகாரத்தை ஓடவிட்டேன்.

"ஆபரேஷன் பத்தி உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்கக்கா. நான் குறுக்கே பேசவே மாட்டேன்."

"அன்னிக்குக் காலையில எனக்கு வயிறு ஒரு மாதிரி—"

"எந்தப் பக்கம்?"

பதினொரு வினாடி. இருபத்தைந்து வருடப் பழக்கம், நான் என்ன செய்ய? அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். கடிகாரத்தை மறுபடி தொடங்கினோம். மூன்றாவது முறைதான் உருப்படியாக ஓடியது.

4

இப்போது அக்கா சொன்னதை எழுத வேண்டும். அதற்கு முன் ஒரு தொழில் விஷயம்.

மயக்கம் கொடுக்கும்முன் நாங்கள் சில கேள்விகள் கேட்போம். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா, ஆடுகிற பல் உண்டா, கழற்றி மாட்டுகிற பல் உண்டா. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்குவோம். அப்போது கட்டின பல் கழன்று உள்ளே போனால் ஆள் காலி. அதனால் கேட்டே தீர வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டுப் பேரிடம் கேட்பேன். என் வாய் கேட்கும், மனசு அடுத்த நோயாளியிடம் போயிருக்கும்.

அன்று காலை அக்காவின் அறையில் கட்டிலைச் சுற்றி நாலு பேர். அக்காவின் கணவர், மகள், மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, அம்மா. நிச்சயமாகிப் பத்தே நாள். சம்பந்திகள் ஒரு பை ஆப்பிளோடு பார்க்க வந்திருந்தார்கள். நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"கழட்டற பல் ஏதாவது இருக்காக்கா?"

"இல்ல."

நான் அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். ஆனால் என் கண் இருக்கிறதே, அது சும்மா இருக்காது.

"மேல முன்னாடி ரெண்டும் கட்டினதுதானே? நிறம் வேற மாதிரி இருக்கே. கழட்டிடுங்க, வெளிய வந்ததும் மாட்டிக்கலாம்."

நர்ஸ் தட்டை நீட்டினாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பினார். தட்டில் டங் என்று ஒரு சத்தம். நான் குறித்துக்கொண்டேன்: 'செயற்கைப் பல், இரண்டு, அகற்றப்பட்டது. ஒத்துழைப்பு நன்று.' மொத்தம் நாற்பது வினாடி. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

நான் போன பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இருபத்திரண்டு வயசுல விழுந்து உடைஞ்ச பல்லு. அம்மாவுக்கு மட்டும் தெரியும். இவருக்கே தெரியாது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் குளியலறையில தாழ்ப்பாள் போட்டுத்தான் பல் தேய்ச்சேன். அன்னிக்கு வாயை மூடிட்டுப் படுத்திருந்தேன். அப்புறம் சம்பந்தியம்மா பையிலேர்ந்து கத்தியை எடுத்தாங்க. 'ஆப்பிள் கடிக்கக் கஷ்டமா இருக்கும், சின்னச் சின்னதா நறுக்கி வெச்சிடறேன்'னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆபரேஷன் வலி மூணு நாள்ல போயிடுச்சு. அந்த ஆப்பிள் ரெண்டு வருஷமா போகல."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே பேசக் கூடாது என்ற விதி அந்த நிமிஷம் எனக்கு வசதியாக இருந்தது. வெட்கமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

5

இங்கேதான் கதை மாட்டிக்கொண்டது.

பல்லை எழுதினால், யாருக்கும் தெரியக் கூடாது என்று இத்தனை வருடம் காத்ததை இன்னொரு தடவை தட்டில் போடச் சொன்ன மாதிரி ஆகும். முன்பு நாலு பேர். இப்போது வகுப்பு முழுக்க. பல்லை எழுதாவிட்டால் மிஞ்சுவது மறுபடியும் பித்தப்பைதான்.

பல் இல்லாமல் ஒரு வரைவு போட்டுப் பார்த்தேன்.

[அடித்தது: ஆபரேஷனுக்கு முன் அவருக்குச் சற்றே சங்கடமான ஓர் அனுபவம் நேர்ந்தது. காலப்போக்கில் அவர் அதிலிருந்து]

சற்றே சங்கடமான! ஆபரேஷன் தியேட்டர் பாஷையே தேவலை.

கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகப்பட்டும் பார்த்தேன். இவ்வளவு பெரிய அதிகாரி, ஆளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவர், இரண்டு பல்லுக்காக இரண்டு வருடம் முறுக்கிக்கொள்வாரா? வாசகர் நம்புவாரா? பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன்: நம்பாவிட்டால் அது அக்கா குற்றமா? கடைசியில் உள்ளது உள்ளபடி எழுதினேன். நான்கு பகுதியும் எழுதி, அச்செடுத்து, வகுப்பில் கொடுத்த ஒப்புதல் படிவத்தை மேலே குத்தி, இன்று காலை பத்து மணிக்கு அக்கா வீட்டு அழைப்பு மணியை அடித்தேன்.

6

இதிலிருந்து எழுதுவதெல்லாம் அக்கா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எழுதுவது. மேசை அதே சாப்பாட்டு மேசை. இரண்டு தேநீர்க் கோப்பை. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலில் கதையைப் படிக்கவில்லை. படிவத்தைப் படித்தார். இரண்டு பக்கப் படிவத்தை இருபது நிமிஷம்.

"'விலகிக்கொள்ளும் உரிமை'ன்னு போட்டிருக்கே, எந்தத் தேதி வரைக்கும்?"

"தெரியலக்கா."

"தெரியாம எங்கிட்டக் கையெழுத்து கேக்கற. ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கினாங்களே, அதுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத் தெரியாது. எழுத்து மேலயே கட்டைவிரலை வெச்சுட்டு இங்க போடுங்கன்னா அந்தப் பொண்ணு. போட்டேன். நான்! படிக்காம கையெழுத்துப் போடறவங்களை வரிசையிலேர்ந்து திருப்பி அனுப்பறவ!" *

(* இந்த இடத்தில் அக்கா மேசையைத் தட்டினார். தேநீர் சிந்தியது. மூன்றாம் பக்கத்தின் மூலையில் இருக்கும் கறை அதுதான். பேராசிரியை வேறு அர்த்தம் தேட வேண்டாம்.)

பிறகு கதையைப் படிக்கச் சொன்னார். நான் சத்தமாகப் படித்தேன். மாட்டு டாக்டர் வந்த இடத்தில் சிரித்தார். எடை அறுபத்தெட்டு என்ற இடத்தில் "அறுபத்தாறு" என்றார். (ஆஸ்பத்திரிப் பதிவில் அறுபத்தெட்டுதான். கையெழுத்து வாங்குகிறவரை இதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.) ஆப்பிள் வந்தபோது சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். தாளைக் கீழே வைத்தேன்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. நான் நினைச்சுக்கூடப் பாக்கல."

"கேக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"உள்ள போயிருக்கும். உயிருக்கே ஆபத்து."

"அப்போ கேக்க வேண்டியதுதான்."

"ஆமா."

"எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்திட்டுக் கேட்டிருக்கணும்."

"ஆமாக்கா."

"அவ்வளவுதான் விஷயம். இதுக்கு நாலு பகுதி எழுதியிருக்க. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அக்கா பேசக் கேட்ட அந்த ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் நான் எந்த அறைக்குள் போனாலும் முதலில் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிறேன். நர்ஸ்கள் முணுமுணுக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷம் கூடுதலாகப் போகிறது. போகட்டும்.

7

முடிவு என்று மூன்று எழுதி வைத்திருந்தேன். அக்காவிடம் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

(அ) [அடித்தது: இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.]
"எனக்கு மூச்சு முட்டும். அடி."

(ஆ) [அடித்தது: அக்கா கையெழுத்துப் போட மறுக்கிறார். டாக்டர் தோற்கிறார், ஆனால் மனுஷியாகிறார்.]
"பெயிலாகித்தான் மனுஷியாகணுமா? பாஸாகி ஆகக் கூடாதா? அடி."

(இ) [அடித்தது: கதையைப் படித்த பேராசிரியையின் கண்கள் கலங்கின.]
"நெத்திதான் தெரியும்னு நீயே எழுதியிருக்க. கண்ணு கலங்கினது எப்படித் தெரியும்? அடி, சுருக்கொப்பம் போடு."

மூன்றும் போயின. மணி பதினொன்றரை. படிவம் வெறுமையாகவே இருந்தது. அக்கா பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ஒரு நிபந்தனை," என்றார். "அந்த விஷயம் வேண்டாம். மாத்திடு."

"எடுத்துட்டா கதையே இல்லக்கா."

"எடுக்கச் சொல்லல, மாத்தச் சொல்றேன். வேற எதையாவது போடு." கொஞ்சம் யோசித்தார். "பல்லுன்னு போடு. பல்லு எல்லாருக்கும் இருக்கு."

ஆமாம், வாசகரே. நீங்கள் நாலாவது பகுதியிலும் அதற்குப் பிறகும் படித்தது பல் அல்ல. கழற்றச் சொன்னது உண்மை, நாலு பேர் முன்னால் என்பது உண்மை, கேட்காமல் விட்டிருந்தால் ஆபத்து என்பது உண்மை. பல் மட்டும் பொய். அது என்ன என்று அக்காவுக்குத் தெரியும், அன்று அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். நிறம் மாறியிருந்ததும், தாழ்ப்பாளும், ஆப்பிளும் இன்று நாங்கள் இரண்டு பேரும் இந்த மேசையில் உட்கார்ந்து ஜோடித்தவை. ஆப்பிளுக்குக் கத்தி வேண்டும் என்று யோசனை சொன்னது அக்கா. பத்திரம் படித்துப் படித்து வந்த புத்தி.

"பழைய பக்கத்தை ஒரே கோடா அடிச்சு சுருக்கொப்பம் போட்டுடறேன்," என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "வேண்டாம். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடு. புதுசா எழுது."

முப்பது வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. கிழித்தேன். துண்டுகளை அவரே வாங்கிக்கொண்டார். மற்ற பக்கங்களில் அது வந்த இடங்களையும் பல், ஆப்பிள் என்று மாற்றி எழுதினேன்.

8

புதிய பக்கத்தை மூன்று முறை படித்தார். பிறகு போட்டார். முழுப் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றோடும். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பரீட்சை ஞாபகமே வரவில்லை. "அடுத்த வாரம் வீட்டுக்கு வாங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"வரேன். ஆனா கடன் ஒண்ணு பாக்கி இருக்கு." என் போனைத் தன் பக்கம் இழுத்துக் கடிகாரத்தைத் திறந்தார். "இப்போ உன் முறை. உனக்கும் ஏதாவது இருக்கும்ல, தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு? சொல்லு. நான் குறுக்கே பேச மாட்டேன்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எனக்கு என்ன இருக்கிறது, நான் டாக்டர், கேள்வி கேட்கிறவள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. என் கணவருக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடமாக என்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. அக்கா ஐம்பது நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு தாங்க முடியாமல் "அடிப்பாவி!" என்றார். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நான் சொன்னது என்ன என்று எழுதினால் இந்தக் கதைக்கு ஜோரான முடிவு கிடைத்துவிடும், எனக்கே தெரிகிறது. ஆனால் எழுதினால் அது என் கதை. விதிப்படி அதற்கு என் கையெழுத்து வேண்டும். இன்னொரு படிவம் இருக்கிறது. பேனாவை அக்கா என் பக்கம் நீட்டுகிறார்.

முடியாது. நான் போட மாட்டேன்.